கிணற்றில் இறங்கியது யாருடைய நைட்ரஜன்?

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டின் 440 மாவட்டங்களில் நிலத்தடி நீரில் நைட்ரேட் அளவு மீறியிருக்கிறது. லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது குடிநீருக்கு இந்தியா வைத்திருக்கும் எல்லை. அதைத் தாண்டிய மாதிரிகளின் விகிதத்தில் ராஜஸ்தான் முதலிடம், கர்நாடகம் இரண்டாமிடம், தமிழ்நாடு மூன்றாமிடம். இங்கே சோதித்த மாதிரிகளில் ஏறக்குறைய 37 சதவீதம் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

இப்படி ஒரு கணக்கு வெளியாகும்போதெல்லாம் ஆளாளுக்கு ஒரு பக்கம் கைநீட்டுவது வழக்கம். இயற்கை வேளாண்மை பேசுகிறவர் யூரியா மூட்டையைக் காட்டுவார். விவசாயி, ஊருக்குள் அடிப்பாகம் பூசாமல் தோண்டிவிட்ட செப்டிக் டேங்குகளைக் காட்டுவார். ஊர்க்காரர்கள் கோழிப் பண்ணையைக் காட்டுவார்கள். பண்ணைக்காரர் மறுபடி யூரியாவுக்கே வருவார். எல்லோர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். எந்தக் கிணற்றில் எவ்வளவு உண்மை என்பதுதான் கேள்வி. அதற்கு அந்த 37 என்ற எண்ணிடம் விடை கிடையாது. அது எவ்வளவு என்று சொல்கிறது, எங்கிருந்து என்று சொல்லவில்லை.

எங்கிருந்து என்று கண்டுபிடிக்க வழி இல்லாமலில்லை. அரை நூற்றாண்டாக இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரஜனின் எடையைப் பார்ப்பதே அந்த வழி. அதைச் செய்யாமல் உரத்துக்குத் தடை, பண்ணைக்கு நோட்டீஸ் என்று இறங்குவது பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று முடியும். சோதனை முடியட்டும் என்று சொல்லிக்கொண்டே பத்தாண்டுகளைக் கடத்துவது அதைவிட மோசம். இந்த இரண்டு தவறுகளுக்கும் உலகத்தில் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

நைட்ரேட் ஏன் பொருட்படுத்த வேண்டிய விஷயம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், உடல் நீலம் பாரித்த கைக்குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். இதயத்தில் கோளாறு இல்லை, நுரையீரலிலும் இல்லை. பண்ணை வீட்டுக் கிணற்று நீரில் கரைத்த பால்தான் காரணம். தண்ணீரில் இருந்த நைட்ரேட் குழந்தையின் குடலில் நைட்ரைட்டாக மாறி, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜன் சுமக்க லாயக்கற்றதாக்கிவிடுகிறது. இதில் தமிழ் வீடுகள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே உதவாது. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மிச்சத்தில் அதன் செறிவு கூடும்.

இனி அந்த எடைக் கணக்குக்கு வருவோம். நைட்ரஜன் அணுக்களில் இரண்டு வகை உண்டு. பெரும்பாலானவற்றின் எடை 14, மிகச் சிலவற்றின் எடை 15. கனமானவற்றில் ஒரு நியூட்ரான் கூடுதல், அவ்வளவே. குணத்தில் இரண்டும் ஒன்றுதான். கதிர்வீச்சு கிடையாது, ஆபத்தும் கிடையாது. இவற்றையே நைட்ரஜனின் ஐசோடோப்புகள் என்கிறார்கள். நாம் மூச்சிழுக்கும் காற்றில் பத்து லட்சம் நைட்ரஜன் அணுக்களை எண்ணினால் சுமார் 3,663 கனமானவையாக இருக்கும். உலகம் முழுவதும் இந்த எண் மாறுவதில்லை என்பதால் காற்றையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

யூரியா காற்றிலிருந்து வருகிறது. ஹேபர், போஷ் என்ற இரு ஜெர்மானியர்களின் பெயர் தாங்கிய முறையில், காற்றின் நைட்ரஜனை அழுத்தத்திலும் வெப்பத்திலும் அம்மோனியாவாக்கி அதிலிருந்து உரம் செய்கிறார்கள். காற்றில் எந்த விகிதமோ ஏறக்குறைய அதே விகிதம் மூட்டைக்குள்ளும் இருக்கும். சாணம், மூத்திரம், கோழி எச்சம் இவற்றின் கதை வேறு. மாட்டுத் தொழுவத்துக்குள் நுழைந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி அம்மோனியா ஆவியாகிப் போவதன் நெடி. முறத்தில் புடைக்கும்போது பதர் முதலில் பறப்பதுபோல இலேசான நைட்ரஜன் முதலில் பறந்துவிடுகிறது. கனமானது குப்பைக்குழியில் தங்கிவிடுகிறது. அந்த எரு மண்ணில் நைட்ரேட்டாகி நிலத்தடிக்கு இறங்கும்போது, பத்து லட்சத்துக்கு 3,663 என்பது 3,700ஐத் தொட்டு மேலே போயிருக்கும்.

பத்து லட்சத்தில் முப்பத்தேழு அணுக்கள். யூரியாவுக்கும் சாணத்துக்கும் இடையிலான வழக்கு முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. ஆய்வாளர்கள் இந்த வித்தியாசத்தைக் காற்றோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு எத்தனை என்று கணக்கிடுவார்கள். காற்று 0. ரசாயன உரம் அதையொட்டி, மேலும் கீழும் நாலைந்து புள்ளிக்குள். மண்ணின் சொந்த மக்கிலிருந்து வரும் நைட்ரேட் பெரும்பாலும் 2லிருந்து 8க்குள். கால்நடைக் கழிவும் மனிதக் கழிவும் 10லிருந்து 20 வரை.

கேட்க எளிதாக இருக்கிறது. இதை முதன்முதலில் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அதனால்தான்.

இல்லினாய் மாநிலத்தில் டிகேட்டர் என்று ஒரு நகரம். சுற்றிலும் மக்காச்சோளம். வயல்களுக்கு அடியில் வடிகுழாய்கள் புதைத்திருப்பார்கள், மிகுந்த நீர் அவற்றின் வழியே சாங்கமன் ஆற்றுக்குப் போகும். அந்த ஆற்றை மறித்துக் கட்டிய ஏரிதான் ஊருக்குக் குடிநீர். 1960களின் கடைசியில் ஒவ்வொரு வசந்தத்திலும் அந்த ஏரியில் நைட்ரேட் ஏறிக்கொண்டே வந்தது. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து டேனியல் கோல், ஜார்ஜியா ஷியரர், பாரி காமனர் மூவரும் இதில் இறங்கினார்கள். காமனர் சாதாரண ஆளல்ல. அணுகுண்டுச் சோதனைகளால் குழந்தைகளின் எலும்பில் ஸ்ட்ரான்சியம் படிகிறதா என்று கண்டுபிடிக்க, விழுந்த பால்பற்களை ஊர் ஊராகத் திரட்டிய இயக்கத்தில் முன்னின்றவர். 1980இல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலிலும் நின்றார். ஆய்வகத்தோடு நின்றுவிடுகிற சுபாவம் அவருக்கில்லை.

வடிகுழாய் நீரில் நைட்ரேட் கூடக் கூட அதிலிருந்த கனமான நைட்ரஜனின் பங்கு குறைந்துகொண்டே போனதை அவர்கள் கண்டார்கள். அதாவது, கூடுதலாக வந்து சேர்ந்தது மண்ணின் நைட்ரஜனைவிட இலேசானது. இலேசானது என்றால் உரம். 1970இன் வசந்தத்தில் ஏரிக்கு வந்த நைட்ரேட்டில் குறைந்தது 55 சதவீதம் உரத்திலிருந்து வந்தது என்று கணக்கிட்டு, 1971இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள்.

உர உலகம் கொதித்தது. அடுத்த ஆண்டே அதே இதழில் ரோலண்ட் ஹாக்கும் அவரோடு அமெரிக்காவின் முன்னணி மண்ணியலாளர்களும் சேர்ந்து, இந்த முறையே கேள்விக்குரியது என்று எழுதினார்கள். ஹாக் வேலை பார்த்தது தேசிய உர வளர்ச்சி மையத்தில். அதைச் சொல்லி அவர் வாதத்தைத் தள்ளிவிட ஆசை வரும், ஆனால் தள்ள முடியாது. வாதம் சரியானது. மண்ணில் போட்ட உரம் நேராகக் குழாய்க்குப் போவதில்லை. நுண்ணுயிர்கள் அதைத் தின்று, செத்து, மக்கி, மறுபடி விடுகின்றன. அந்தச் சுழற்சியில் உரத்தின் இலேசும் மண்ணின் கனமும் கலந்துபோகும். வயலுக்கு வயல் மண்ணின் எண்ணும் மாறும். இப்படியிருக்க, இரண்டு எண்களுக்கு நடுவே கோடு போட்டு 55 என்று சொல்வது எப்படி?

ஆக முறையில் ஓட்டை இருந்தது. முடிவிலோ பெரிய பிழை இருந்ததாகத் தெரியவில்லை. அந்த வட்டாரத்து ஆறுகளில் நைட்ரேட் குறையவுமில்லை. டிகேட்டர் நகரம் கடைசியில் 2002இல் நைட்ரேட்டை வடிகட்டத் தனியாக ஒரு நிலையம் அமைத்துக்கொண்டது. செலவு தண்ணீர் குடிப்பவர் தலையில் விழுந்தது. முப்பது ஆண்டுகள் அறிஞர்கள் சதவீதத்துக்குச் சண்டை போட்டால் யார் பணம் கட்டுவார்கள் என்பதற்கு இந்த ஊர் சாட்சி.

எதிர்ப்பக்க உதாரணம் டெக்சாஸில் இருக்கிறது, இதைவிடச் சுவையானது. ரன்னல்ஸ் கவுன்டி வறண்ட பூமி, மானாவாரி விவசாயம். 1970களில் அங்கே நிலத்தடி நீரில் நைட்ரேட் சராசரியாக லிட்டருக்கு 250 மில்லிகிராம் அளவுக்கு இருந்தது, இந்திய எல்லையைப்போல ஐந்து மடங்குக்கு மேல். பார்த்தவுடன் யாருக்கும் உரம் என்றோ மாட்டுக் கொட்டில் என்றோதான் தோன்றும். சார்லஸ் க்ரைட்லரும் டொனால்ட் ஜோன்ஸும் நைட்ரஜனை எடைபோட்டுப் பார்த்தார்கள். எண்கள் 2க்கும் 8க்கும் நடுவே விழுந்தன. உரமும் இல்லை, பெருமளவுக்குச் சாணமும் இல்லை. அது மண்ணின் சொந்தச் சரக்கு.

நடந்தது இது. 1900வாக்கில் அந்தப் புல்வெளியை முதன்முதலாக உழுதார்கள். நூற்றாண்டுகளாகப் புல்லின் வேரிலும் மக்கிலும் சேர்ந்துகிடந்த நைட்ரஜன் காற்றுப்பட்டு நைட்ரேட்டாக மாறியது. ஐம்பது ஆண்டுகள் அது வேர்ப்பகுதிக்குக் கீழே இறங்கி, நீர்மட்டத்தை எட்டாமல் நடுவில் தங்கியிருந்தது. 1950களில் கொடிய வறட்சி வந்தது. மழைநீர் ஒரு சொட்டும் வீணாகக்கூடாது என்று அதற்குப் பின் வயல்களில் சமமட்ட வரப்புகள் போட்டார்கள். எந்த வேளாண் அதிகாரியும் மெச்சக்கூடிய வேலை. மழைநீர் தேங்கி ஊறியது, நீர்மட்டம் ஆறு மீட்டர்வரை உயர்ந்தது. நடுவில் தங்கியிருந்த நைட்ரேட்டும் கூடவே கரைந்து கிணறுகளில் கலந்தது.

உரத்துக்குத் தடை போட்டிருந்தாலும் மாடுகளை விரட்டியிருந்தாலும் ரன்னல்ஸ் கிணறுகளில் பெரிதாக எதுவும் குறைந்திருக்காது. மூலத்தைக் கண்டுபிடிக்காமல் மருந்து கொடுப்பது வீண் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு கிடைப்பது அரிது.

இதன்பிறகு முறை வளர்ந்தது. நைட்ரேட்டில் நைட்ரஜனோடு ஆக்ஸிஜனும் இருக்கிறது, அதிலும் இலேசு கனம் உண்டு. இரண்டையும் சேர்த்து அளந்தால், ஒன்றை மட்டும் அளந்தபோது ஏமாந்த இடங்களில் விழித்துக்கொள்ளலாம். முக்கியமான ஏமாற்று ஒன்று உண்டு. காற்றில்லாத ஈர மண்ணில் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டையே தின்று நைட்ரஜன் வாயுவாக வெளியே விடும். அவையும் இலேசானதையே முதலில் தின்னும். தின்றது போக எஞ்சிய நைட்ரேட் கனத்துவிடும், யூரியாவிலிருந்து வந்திருந்தாலும் சாணத்தைப்போல வேஷம் போடும். ஆனால் அப்போது நைட்ரஜனோடு ஆக்ஸிஜனும் சேர்ந்து கனக்கிறது. பெரும்பாலும் நைட்ரஜன் இரண்டு புள்ளி ஏறினால் ஆக்ஸிஜன் ஒரு புள்ளி ஏறும். இரண்டு எண்களையும் ஒரே படத்தில் குறித்தால் வேஷம் கலைந்துவிடும்.

சோதனை நடக்கும் விதமும் கொஞ்சம் விசித்திரமானது. முன்பெல்லாம் ஒரு முடிவுக்கு லிட்டர் கணக்கில் தண்ணீர் வேண்டும். 2001இல் பிரின்ஸ்டனில் டேனியல் சிக்மன் குழுவினர் பாக்டீரியாவையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். சூடோமோனாஸ் வகையில் ஒரு பாக்டீரியா நைட்ரேட்டைத் தின்று நைட்ரஸ் ஆக்சைடு வரை கொண்டுவந்து நிறுத்திவிடும், அதற்கு மேல் கொண்டுபோகும் நொதி அதனிடம் இல்லை. பல் மருத்துவர்கள் பிடுங்கும்முன் கொடுத்த அதே சிரிப்பூட்டும் வாயு. கிணற்று நீரை வடிகட்டி, சில மில்லிலிட்டரை மூடிய குப்பிக்குள் இந்த பாக்டீரியாவிடம் விட்டால், நைட்ரேட்டின் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் வாயுவாகிக் குப்பியின் மேற்பகுதியில் நிற்கும். அதை நிறைமாலைமானிக்குள் செலுத்தி எடைவாரியாகப் பிரித்து எண்ணுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தச் சோதனை தனியாக நின்று தீர்ப்பு எழுதும் வல்லமை உள்ளதல்ல. வாஷிங்டன் மாநிலத்தின் கீழ் யாகிமா பள்ளத்தாக்கில் பெரும் மாட்டுப் பண்ணைகளும் பழத்தோட்டங்களும் செப்டிக் டேங்குகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. வீட்டுக் கிணறுகளில் நைட்ரேட். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அங்கே செய்த ஆய்வை 2012இல் வெளியிட்டபோது, ஐசோடோப்பு அதில் ஒரு சாட்சி மட்டுமே. கால்நடை மருந்துகளின் எச்சம், ஹார்மோன்கள், பூச்சிமருந்து, நுண்ணுயிர் என்று பலவற்றையும் தேடினார்கள். ஐசோடோப்பு எண் சில கிணறுகளில் தெளிவாகப் பேசியது, மற்றவற்றில் கலவையாக முனகியது. பண்ணையாளர்கள் தரப்பு ஆய்வைக் கடுமையாக எதிர்த்தது. ஆனாலும் விஷயம் ஆய்வறிக்கையோடு நிற்கவில்லை. பண்ணைகள் சில முகமையோடு உடன்படிக்கைக்கு வந்தன. ஊர்மக்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 2015 ஜனவரியில் நீதிபதி தாமஸ் ரைஸ், பயிருக்குத் தேவையான அளவுக்கு மேல் நிலத்தில் கொட்டிய சாணமும் குட்டைகளிலிருந்து கசிந்த சாணமும் உரமாகாது, சட்டப்படி கழிவு என்று தீர்ப்பளித்தார். அதன் பின் வந்த சமரசத்தில், சாணக் குட்டைகளுக்கு அடியில் கசியாத விரிப்பு போடவும் சுற்றுவட்டார வீடுகளுக்குக் குடிநீர் கொடுக்கவும் பண்ணைகள் ஒப்புக்கொண்டன.

டிகேட்டரில் சதவீதம் சண்டையாகி நின்றுபோனது. யாகிமாவில் பல சாட்சிகளைச் சேர்த்து வைத்ததால் வழக்கு நகர்ந்தது. வித்தியாசம் அதில்தான்.

சாணமும் மனிதக் கழிவும் நைட்ரஜன் எண்ணில் ஒன்றுபோலவே தெரியும் என்பதையும் மறைக்கக்கூடாது. மாட்டு மூத்திரமாக இருந்தாலென்ன, மனிதருடையதாக இருந்தாலென்ன, பாக்டீரியாவுக்கு வித்தியாசம் கிடையாது. இந்த இடத்தில் போரான் கைகொடுக்கிறது. சில சலவைத்தூள்களில் சேர்க்கும் வெளுப்புப் பொருளில் போரான் உண்டு, அது கழிவுநீரோடு போகும். அதன் ஐசோடோப்பு எண் சாணத்தின் போரானோடு ஒத்துப்போகாது. நீரில் காபீன் இருக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. மாடு காபி குடிப்பதில்லை.

இன்னொரு உண்மையும் இதில் ஒளிந்திருக்கிறது. இயற்கை வேளாண்மைக்காரர்களுக்கு அது கசக்கும். தொழுவுரத்திலிருந்து வந்த நைட்ரேட்டும் யூரியாவிலிருந்து வந்த நைட்ரேட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஒன்றுதான். பயிர் கேட்காத நேரத்தில், கேட்காத அளவில் போட்டால் எருவும் கிணற்றுக்குத்தான் போகும். ஸ்பெயினின் கட்டலோனியாவில் விக் சமவெளி இதற்குப் பேர்போனது. அங்கே நிலத்தடி நீரில் நைட்ரேட்டை ஏற்றியது உரத் தொழிற்சாலையல்ல, பன்றிப் பண்ணைகளின் எரு. பார்சிலோனா ஆய்வாளர்கள் ஐசோடோப்பு எண்களைக் கொண்டே அதை உறுதிப்படுத்தினார்கள்.

தமிழர் வாழும் நிலங்களில் இந்தச் சோதனை மிகவும் தேவைப்படும் இடம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சொல்லலாம். வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறுகூட மழைக்கு மட்டும்தான். குடிக்கவும் தோட்டத்துக்கும் கிணறுதான் கதி. கீழே வெடிப்பும் குகையுமாகச் சுண்ணாம்புப் பாறை, மேலே மெல்லிய செம்மண். வெங்காயம், மிளகாய், புகையிலை என்று வருடம் முழுவதும் உரம் வாங்கும் பயிர்கள். அதே வளவுக்குள் சற்றுத் தள்ளி மலசலகூடக் குழி. பாறை எதையும் வடிகட்டுவதில்லை, மேலே விட்டது கீழே வந்துவிடும். தோட்டக் கிணறுகளில் நைட்ரேட் எல்லை மீறுவது பல பத்தாண்டுகளாக ஆய்வுகளில் பதிவாகி வருகிறது. உரத்தைக் குறைக்கச் சொல்வதா, குழிகளை மூடிய தொட்டிகளாக மாற்றுவதா? இரண்டுக்கும் செலவு வேறு, கட்டுபவர் வேறு. கிணறு கிணறாக எடைபோட்டால்தான் முதலில் எதில் கைவைப்பது என்று தெரியும்.

கொழும்பு செய்தது அதுவல்ல. 2021இல் கோத்தபய ராஜபக்ச அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. வட மத்திய மாகாணத்து விவசாயிகளைத் தாக்கும் சிறுநீரக நோய்க்கும் உரத்துக்கும் முடிச்சுப் போட்டுப் பேசப்பட்டது. அந்த நோய்க்கான காரணமோ அறிவியல் உலகில் இன்றும் தீராத விவாதம். அதே ஆண்டு நவம்பரில் தடையைக் கைவிட வேண்டியதாயிற்று. அதற்குள் நெல்லும் தேயிலையும் விழுந்து, அரிசியை வெளியே வாங்கும் நிலை வந்துவிட்டது. யாழ்ப்பாணத்து வெங்காயக்காரருக்கும் பொலன்னறுவை நெல் விவசாயிக்கும் மலையகத் தேயிலைத் தோட்டத்துக்கும் ஒரே மருந்து. எந்தக் கிணற்றில் என்ன குற்றம் என்று யாரும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை வராது. இங்கே ஆபத்து வேறு வகை: ஒன்றும் நடக்காது. 45 கிலோ யூரியா மூட்டைக்கு அரசு வைத்த விலை, வரி முதலியன நீங்கலாக, 242 ரூபாய்தான், மற்ற உரங்களின் விலை அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே தழைச்சத்துக்கு 4, மணிச்சத்துக்கு 2, சாம்பல்சத்துக்கு 1 என்ற பழைய கணக்கு யூரியா பக்கம் வெகுவாகச் சாய்ந்துவிட்டது. இலை கரும்பச்சையாக மின்னுவதைப் பார்த்து இன்னும் ஒரு கை அள்ளி வீசுகிற விவசாயியைத் திட்டிப் பயனில்லை, விலை அவரை அப்படிப் பழக்கியிருக்கிறது. நெல் வயலில் போடும் தழைச்சத்தில் பாதிகூடப் பயிருக்குள் போவதில்லை என்பது தெரிந்த செய்தி. மிச்சம் எங்கே போகிறது என்பது இடத்தைப் பொறுத்தது. நீர் தேங்கிய டெல்டா களிமண்ணில் பாக்டீரியாக்களே கணிசமானதைத் தின்றுவிடும். கொங்குப் பகுதியின் கிணற்றுப்பாசனச் செம்மண்ணில் அந்த வசதி கிடையாது. நாமக்கல் பக்கம் கோழி எரு சேருகிறது. பாதாளச் சாக்கடை இல்லாத நூற்றுக்கணக்கான பேரூர்களில் செப்டிக் டேங்க் சேருகிறது. ஒரே மாநிலத்தில் மூன்று நான்கு வேறு வேறு நோய்கள்.

நமக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. ஐரோப்பிய நூல்களில் சொல்வதுபோல ஆக்ஸிஜன் எண்ணை வைத்து உரத்தை நேரடியாகப் பிடிப்பது இங்கே நடக்காது. அங்கே நைட்ரேட்டாகவே உரம் போடுவது வழக்கம், அதன் ஆக்ஸிஜன் காற்றிலிருந்து வந்ததால் தனித்துத் தெரியும். நம் வயலில் விழுவது யூரியா. அதில் நைட்ரேட்டே கிடையாது, மண்ணில்தான் நைட்ரேட்டாகிறது. ஆக்ஸிஜனை அங்கிருக்கும் நீரிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. போதாததற்கு, மேலாக வீசிய யூரியாவிலிருந்தும் அம்மோனியா பறப்பதால் அதன் எண்ணும் சற்று மேலே நகரும். எனவே வெளிநாட்டு அட்டவணையை எடுத்து இங்கே ஒட்டவைக்க முடியாது. நம் மண், நம் எரு, நம் யூரியா, நம் சாக்கடை என்று ஒவ்வொன்றின் எண்ணையும் வட்டாரவாரியாக முதலில் அளந்துவைக்க வேண்டும். டிகேட்டர் சண்டையிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான். இதை வேளாண் பல்கலைக்கழகமும் நீர் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து செய்யலாம்.

இதைத் தள்ளிப்போடக்கூடாது என்ற அவசரத்துக்குக் காரணம் பிரான்சில் கிடைத்தது. 1982இல் அங்கே ஒரு சோதனை நிலத்தில் கனமான நைட்ரஜன் ஏற்றிய உரத்தை ஒரே ஒரு முறை போட்டார்கள். பிறகு முப்பது வருடம் அந்த உரத்தை மட்டும் பின்தொடர்ந்தார்கள். கோதுமையும் சர்க்கரை பீட்டும் 61 முதல் 65 சதவீதத்தை எடுத்துக்கொண்டன. 8 முதல் 12 சதவீதம் நிலத்தடி நோக்கிக் கசிந்திருந்தது. 12 முதல் 15 சதவீதம், கால் நூற்றாண்டு கடந்த பிறகும் மண்ணிலேயே இருந்தது. இன்னும் ஐம்பது வருடமாவது அது சிறுகச் சிறுகக் கசியும் என்று 2013இல் அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஹாக் சொன்ன மண்ணின் சுழற்சி உண்மைதான். அந்தச் சுழற்சிக்குள் போன உரம் காணாமல் போய்விடவில்லை என்பதும் உண்மை. இன்றைக்கு ஒரு கிணற்றில் இருக்கும் நைட்ரேட்டில் தாத்தா போட்ட மூட்டையும் இருக்கலாம்.

இதனால் ஒரு எச்சரிக்கையும் வேண்டியிருக்கிறது. ஐசோடோப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தனி விவசாயி மீது அபராதம் போடக் கிளம்பினால் அது அறிவியலும் ஆகாது, நியாயமும் ஆகாது. கண்டுபிடிக்க வேண்டியது எந்த ஊரில் எந்த மூலம் மிகுதி என்பதைத்தான். செப்டிக் டேங்க் மிகுதியான ஊரில் உள்ளாட்சிப் பணத்தை அங்கே திருப்பலாம். யூரியா மிகுதியான ஊரில் மண் பரிசோதனைக்கும் மேலுரத்தைப் பிரித்துப் பிரித்துப் போடும் பயிற்சிக்கும் திருப்பலாம். கோழிப் பண்ணைப் பக்கம் எருவைத் திறந்தவெளியில் குவிக்காமல் பார்த்துக்கொள்ள விதி கொண்டுவரலாம். மூலம் தெரியும்வரை அந்தக் கிணற்று நீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்காமலிருக்க மாற்று நீர் தருவதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை, அதை நாளைக்கே செய்யலாம்.

எல்லாக் கிணறுகளையும் இப்படி எடைபோட வேண்டியதில்லை. பருவமழைக்கு முன்னும் பின்னும் நிலத்தடி நீர் மாதிரி எடுக்க எப்படியும் ஆள் போகிறார்கள். எல்லை மீறியவை என்று ஏற்கெனவே குறித்த கிணறுகளில், தோட்டமும் பண்ணையும் குடியிருப்பும் அடுத்தடுத்து உள்ள ஊர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டால் போதும். அந்தப் பயணத்திலேயே இன்னொரு சிறு குப்பியில் வடிகட்டிய நீரைப் பிடித்து, நுண்ணுயிர் கைவைக்காதபடி உடனே உறையவைத்து அனுப்ப வேண்டும். கிணற்றுக்குப் பக்கத்துச் செப்டிக் டேங்க் எத்தனை அடி தூரம், மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா, கடைசியாக யூரியா போட்டது எந்த மாதம் என்ற மூன்று கேள்விகளுக்கான பதிலையும் குப்பியோடு சேர்த்து எழுதி அனுப்பினால்தான் வந்துசேரும் எண்ணை யாராலும் படிக்க முடியும்.